வியர்க்கும் நேரத்துப் பாட்டு

தான் செய்வது என்னவென்று தெரியாமலே ஒரு மனிதன் பல வருடம் அதைப் பிசகில்லாமல் செய்துகொண்டிருக்க முடியுமா? சேரன்மகாதேவி ஆவுடைநாயகம் பிள்ளையைப் பார்த்தால் முடியும் என்றே தோன்றும்.

வயலும் தம்புராவும் அப்பா விட்டுப்போனவை. வயலைக் குத்தகைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை தம்புராவைப் பார்த்துக்கொண்டார். இப்போது மலேரியா என்கிறோமே, அந்த முறைக்காய்ச்சல் கண்டவர் வீட்டுக்குப் போய், தம்புராவின் குடத்தை நோயாளியின் நெஞ்சோடு சாய்த்துவைத்து, சிவன் பேரில் பாடுவார். நாதம் எலும்புக்குள் இறங்கி நோயை உருக்கிவிடும் என்பது அவர் கொள்கை. நோயாளி கிழிந்த பாயில் கிடப்பான். இவர் உட்கார மட்டும் பத்தமடைப் பாய் இவர் வீட்டிலிருந்து வரும்.

கூப்பிட ஆள் வந்தால், "குளிர் விட்டுட்டா?" என்பார். விடவில்லை என்றால் போகமாட்டார். நடுங்கும் உடம்பில் நாதம் தங்காதாம். குளிர் விட்டு, அனல் ஏறி, அதுவும் தணியப்போகும் நேரமாகப் பார்த்துப் போய் உட்காருவார். பாடப் பாட வியர்க்கும். சுற்றி நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். யாரும் பாடாவிட்டாலும் அந்தக் காய்ச்சல் அப்படித்தான் வியர்த்து இறங்கும், ஒருநாள் விட்டுத் திரும்பியும் வரும். வந்தால், வீட்டில் யாரோ சுத்தபத்தமாக இல்லை என்பார். இதை ஏமாற்று என்பது அவருக்கு அதிக மரியாதை. ஏமாற்றுகிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைத் தின்னக் கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தார். நாக்கில் கசப்பு ஏறினால் நாதம் இறங்காதாம். சர்க்கார் கொய்னாப் பொட்டலத்தை அந்நாளில் தபாலாபீசில் விற்றார்கள்; அதை விற்ற போஸ்ட்மாஸ்டர் வேதமுத்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஜெபம் செய்துதான் பொட்டலத்தைக் கொடுப்பார். குணமானால் ஜெபத்தால் ஆனது என்பார்.

1911 ஐப்பசி மழையில் பிள்ளையின் மனைவி பிரம்மநாயகிக்குக் காய்ச்சல் கண்டது.

அடுத்தவர் வீட்டில் குளிர் விடும்வரை தன் வீட்டில் இருக்கலாம். தன் வீட்டில் எங்கே போவது? அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்காத தூரத்துக்கு, ஆற்றங்கரை வரை நடந்தார். நேரம் பார்த்துத் திரும்பி வந்து பாடினார். வியர்த்தது. காய்ச்சல் திரும்பவும் வந்தது. திரும்பவும் நடந்தார். கார்த்திகை பிறப்பதற்குள் அவளுக்கு எழுந்து உட்காரவும் தெம்பில்லை.

"எங்க போய்ட்டு வாரிய?" என்றாள் ஒருநாள்.

"சும்மா, ஆத்தங்கரைக்கு."

"உடம்பத் தூக்கித் தூக்கிப் போடுது, அப்ப உங்களக் காணல. வேர்க்கப் போற நேரத்துக்குத் தம்புராவோட வந்து நிக்கிய. இது தானா வேர்க்கு. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலியா?"

பிள்ளை ஒரு தந்தியை முறுக்கினார்.

"கொய்னா வாங்கிட்டு வாங்க. இல்லன்னா சும்மாவாது இருங்க. பாட்டு தலைய இடிக்கு."

மறுநாள் பட்டப்பகலில் தபாலாபீசுக்குப் போனார்.

"வாரும் அண்ணாச்சி. மணியார்டரா?" என்றார் வேதமுத்து.

"கொய்னா."

"நாக்கு கசந்தா நாதம் எறங்காதுன்னு சொன்னீரே?"

"பொட்டலத்தக் குடும் வே."

"பொறும், ஒரு சின்ன ஜெபம்..."

"அதையும் சேத்து மடிச்சுக் குடும்."

பிரம்மநாயகி பிழைத்தாள். பிள்ளையின் பாட்டுதான் காப்பாற்றியது என்று ஊர் முடிவுகட்டியது. அவர் கொய்னா வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஞானம் என்று கொண்டாடியவர்கள் உண்டு. துணிச்சல் இல்லை என்று சொன்னாலும் பொருந்தும்.

தை மாதம் வண்டிக்காரர் பிச்சைக்கண்ணுவுக்குக் காய்ச்சல் என்று அவர் தம்பி வந்து நின்றார்.

"குளிர் இன்னும் விடலய்யா. பைய வந்தாப் போதும்."

பிள்ளை உடனே எழுந்தார். பாயை எடுக்கவில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து, நடுங்கும் நெஞ்சில் குடத்தைச் சாய்த்துப் பாடினார். நடுக்கம் தம்புராவில் ஏறி ஸ்ருதி கலைந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குளிர் விட்டு அனல் ஏறத் தொடங்கியதும், தம்புராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வேர்த்துட்டா?" என்றாள் பிரம்மநாயகி.

"இல்ல."

அதன்பின் யார் கூப்பிட்டாலும் குளிர் நேரத்தில்தான் போனார், வியர்க்குமுன் எழுந்தார். பாட்டுக்கு இப்போது வியர்ப்பதில்லை என்று ஊர் பேசியது; மறு வருடம் கூப்பிட ஆள் இல்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிரம்மநாயகி ஒருமுறை கேட்டாள். அவர் தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்; போட்டு முடித்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.