நான் இடிக்கச் சொன்ன கணப்படுப்பு

மேஸ்திரியின் டயர் செருப்பு அந்தச் சுவரில் பட்டபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கலவை ஈரமாக இருக்கும் சுவர் அப்படித்தான் விழும். முதலில் லேசாக வயிறு தள்ளும், பிறகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் மொத்தமாகச் சரியும். அரியலூரில், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரின் வீட்டுப் பின்பக்கத்தில், காலையிலிருந்து நான் ஒருத்தியாகவே வைத்த இடுப்பளவுச் சுவர் அது. மேஸ்திரி காலை எடுத்துச் செருப்பில் ஒட்டியிருந்த கலவையைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னார். “பொம்பள வச்ச செவுரு, ஒரு ஒதைக்கு நிக்கல பாரு. ஏ புள்ள, பொறுக்கி அடுக்கு.”

அப்போது நான் சித்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். வயலில் வேலை இல்லாத மாதங்களில் கட்டட வேலைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவள் நான். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் படுக்கும் நேரத்தில், மிஞ்சிய கலவையைப் போட்டுச் செங்கல் வைத்துப் பார்ப்பேன், பிரித்துவிடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. தூக்குக்குண்டு எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் கை தானாகப் பழகிக்கொள்ளும். மேஸ்திரி இதைக் கவனித்திருக்கிறார். அவரிடமிருந்த ஒரு கொத்தனார் வளைகுடாவுக்குப் போய்விட்டதும், வீட்டுக்காரர் கண்ணில் படாத பின்பக்கச் சுவர்களை என்னை வைக்கச் சொன்னார். “வாயத் தொறக்கப்படாது” என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

அன்று வாத்தியார் பின்பக்கம் வந்துவிட்டார். சுவரைக் கையால் தடவிப் பார்த்து, “மேஸ்திரி, இந்தச் செவுரு மட்டும் கண்ணாடியாட்டம் இருக்கே, யாரு வச்சது?” என்றார். மேஸ்திரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நாந்தாங்க சார்.” எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தலையில் சாந்துச்சட்டியோடு நின்றவள், “நான் வச்சதுங்க சார்” என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாத்தியாருடைய சைக்கிள் தெருமுனை தாண்டியதும்தான் மேஸ்திரி காலைத் தூக்கினார். நான் செங்கற்களைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒட்டிய கலவையைச் சுரண்டி அடுக்கினேன். அதே கல்லை வைத்து அதே இடத்தில் அவரே சுவரைக் கட்டினார். கல்லை எடுத்துக் கொடுத்தவள் நான்.

மறுநாள் முதல் அவரிடம் போகவில்லை. லெப்பைக்குடிக்காட்டில் ஒரு பாயின் பேக்கரியில் அடுப்பு வெடித்துக் கிடந்தது. அடுப்புக் கட்டும் ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். மண் குழைக்கப் போனவள், நான் கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பாய் வெடித்த அடுப்பைக் கைகாட்டினார். “கட்டும்மா. வந்தா அடுப்பு, வரலைன்னா திரும்பப் பிரிச்சுக்குவோம். அல்லாஹ் இருக்கான்” என்றார். முதல் அடுப்பு புகைந்தது, பிரித்தேன். இரண்டாவதும் புகைந்தது, பிரித்தேன். பாய் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது அடுப்பில் ரொட்டி வெந்தது. புகை எதற்குப் பயப்படும், எதற்கு மயங்கும் என்பதை அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன். பிறகு பெரம்பலூர், துறையூர், அரியலூர் என்று பேக்கரிகளும் கல்யாண மண்டபங்களும் கூப்பிட ஆரம்பித்தன. ‘அடுப்புக்கார அம்மா’ என்று பெயர் வந்தது.

பதினான்கு வருடம் இப்படிப் போயிற்று. இத்தனை வருடத்தில் மேஸ்திரியை மறந்த நாள் உண்டா என்றால், இல்லை. கோபம் ஆறும் என்பார்கள். என்னுடையது ஆறவில்லை. சூளைக்குள் மூடிவைத்த நெருப்பைப்போல வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே வேலை செய்துகொண்டே இருந்தது.

சென்ற கார்த்திகையில் ஒரு டாக்டர் போன் செய்தார். வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் புதிதாக வீடு கட்டியிருக்கிறார். அவரும் அவர் மனைவியும் குளிர் நாடு ஒன்றில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அங்கே இருந்ததுபோல நடுக்கூடத்துச் சுவரில் குளிர்காயச் செங்கல்லால் ஒரு கணப்படுப்பு வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. இந்த வெயிலில் வீட்டுக்குள் நெருப்பா என்று ஊரே சிரித்ததாம். ஆனால் மார்கழியில் மலையிலிருந்து பனி இறங்கும்போது அந்தப் பக்கம் கை விறைக்கத்தான் செய்யும். “ஒரு மேஸ்திரி கட்டினார்ம்மா. கிரகப்பிரவேசத்தன்னிக்கு ஏத்தினோம், வீடு பூரா புகை. வந்தவங்கள்ளாம் இருமிட்டே ஓடிட்டாங்க. சுவரெல்லாம் கரி” என்றார். எந்த மேஸ்திரி என்று கேட்டேன். அவர் ஊரைச் சொன்னார், ஆளையும் சொன்னார். என் சுவரை உதைத்த அதே மேஸ்திரி. நாளைக் காலையிலேயே வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தேன். கணப்பின் வாயில் தலையை நுழைத்து மேலே கைவிட்டுத் தடவினேன். உள்ளே பூச்சு வழுவழுப்பாக இருந்தது. புகை திரும்பும் கழுத்துப் பகுதி சரியான அளவில் ஒடுங்கியிருந்தது. கொள்ளிடக் கரைச் செங்கல், திருமழபாடிப் பக்கத்துச் சூளையில் வெந்தது, தட்டினால் மணிபோல் பேசியது. கட்டியவனுக்கு வேலை தெரியும் என்று என் கையே சொன்னது. ஆனால் ஒரு காகிதத்தைக் கொளுத்தி வைத்தால் புகை திரும்பி முகத்தில் அடித்தது. மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே விடை அப்பட்டமாக நின்றது. புகைபோக்கி குட்டையாக இருந்தது. பக்கத்திலேயே அதைவிட உயரமாக மாடிப்படி அறை. மலைக்காற்று அந்த அறையில் மோதிக் கீழே இறங்கி, நேராகப் புகைபோக்கிக்குள் விழுந்தது. புகைபோக்கியின் தலையில் உளி வெட்டிய தடம். ஓரத்தில், கலவை ஒட்டியபடியே மூன்றடி உயரத்துக்கான செங்கல் பிரிக்கப்பட்டுக் குவிந்து கிடந்தது.

டாக்டரின் மனைவி பின்னாலேயே ஏறி வந்திருந்தார். “முதல்ல உசரமாத்தான் கட்டினாரு. எங்க வீட்டுக்காரர்தான் சூளை மாதிரி அசிங்கமா இருக்கு, குறைங்கன்னாரு. மேஸ்திரி வேண்டாம்னு எவ்வளவோ சொன்னாரு. அதனாலதான் புகையுதாம்மா?” என்றார்.

அந்த மூன்றடியைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. இரண்டு நாள் வேலை. கீழே ஒரு கல்லைக்கூடத் தொட வேண்டியதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். “இல்லைங்கம்மா. உசரம் மட்டும் இல்ல, அடியிலருந்தே தப்பா இருக்கு. முழுசா இடிச்சுத்தான் கட்டணும்.”

தொழிலில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். தயங்கிச் சொல்லவில்லை, யோசித்தே சொன்னேன். கீழே வந்ததும் டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன். “கட்டுனவரே வந்து பிரிக்கட்டுங்க சார். எந்த இடத்துல தப்புன்னு அவருக்கும் தெரியணும்ல?” டாக்டருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. உயரத்தைக் குறைக்கச் சொன்னது அவர் நினைவிலேயே இல்லை. இல்லாததுபோல் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

மேஸ்திரி வந்தார். டாக்டர் கூப்பிட்டார், கூலி பாக்கி நிற்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. இந்தப் புகையைப் பற்றி வேப்பந்தட்டை டீக்கடை வரை பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்த யாராவது மாடியை ஒருமுறை பார்த்தால் தன் பெயர் மீண்டுவிடும் என்று நம்பி வந்திருக்கிறார். முடி முழுக்க நரைத்திருந்தது, முட்டி மடக்கி உட்காரச் சிரமப்பட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. “நீங்கதானா அந்த அடுப்புக்கார அம்மா” என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

தச்சு வேலைக்காரர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், என்னுடன் வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, அவரே உளியை வைத்து அவரே சுத்தியலால் அடித்தார். கல் எளிதில் பிரியவில்லை. அத்தனை இறுக்கமான வேலை. முதல் வரிசை கழன்றதும் நான் சொன்னேன், “பொறுக்கி அடுக்குங்க மேஸ்திரி. கலவையச் சொரண்டிட்டு அடுக்குங்க.”

அவர் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அரியலூர், பின்பக்கச் சுவர், சாந்துச்சட்டி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் வந்து சேர்வதை நான் பார்த்தேன். பதினான்கு வருடம் நான் காத்திருந்தது அந்தப் பார்வைக்குத்தான். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தபோது மட்டும் ஒருமுறை முயன்றார். “சார், மாடியில உசரத்தக் கொறைக்காதீங்கன்னு நான் அப்பவே…” டாக்டர் முடிக்க விடவில்லை. “பழசெல்லாம் எதுக்கு மேஸ்திரி? தெரியலைன்னா தெரியலைன்னு முதல்லயே சொல்லியிருக்கணும்.” மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ மேல போயி பாத்தல்ல? நீ சொல்லேன்.”

‘ஏ புள்ள’ போய் ‘ஏம்மா’ வந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரின் மனைவியும் கதவோரத்தில் நின்றார். நான் சுவரோரம் நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன். “அந்த முனையைப் புடிங்க மேஸ்திரி, மட்டம் போவுது” என்றேன். அவர் பிடித்தார்.

கணப்பை நான் கட்டினேன். எரியும் இடத்தில் தீச்செங்கல், பக்கச் சுவர்களைக் கொஞ்சம் விரித்து, முகப்பில் ஒரு வளைவு. வெளியே பார்க்கப் புதிது. உள்ளே கழுத்தின் அளவும் புகை ஏறும் வழியின் அகலமும் அவருடையவையே. இடிப்பதற்கு முன்னால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். அதைவிடச் சரியான அளவு எனக்கும் தெரியாது. ஒவ்வொரு கல்லையும் அவர் எடுத்துக் கொடுத்தார், நான் வைத்தேன். புகைபோக்கியை மாடிப்படி அறைக்கு மேலே ஒரு கை உயரம் தூக்கினேன். “உசரமா இருந்தாத்தாங்க சார் புகை மேல போவும்” என்றதும் டாக்டர் உடனே தலையாட்டினார். அதே சொல்லை மேஸ்திரி சொன்னபோது அவர் கேட்கவில்லை.

மார்கழி முதல் வாரம், விடிந்து பனி விலகாத நேரத்தில் கருவேல விறகை அடுக்கிப் பற்றவைத்தேன். புகை ஒரு சுழல் சுழன்று, கழுத்தில் நுழைந்து மேலே போய்விட்டது. டாக்டரின் மனைவி இரண்டு கையையும் நெருப்பின் பக்கம் நீட்டிக்கொண்டு குழந்தைபோல் சிரித்தார். டாக்டர் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னார், “பாத்தீங்களா? ஒரு பொம்பளை கட்டியிருக்கா.” அந்தச் சொல் என்மேலும் பட்டது. ஆனால் அது முதலில் போய் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு வலிக்கவில்லை.

அதன்பிறகு மேஸ்திரியை வீடு கட்ட யாரும் கூப்பிடவில்லை. புகைந்த கணப்பின் கதையும், அடுப்புக்கார அம்மாவுக்கு அவர் கல் எடுத்துக் கொடுத்த கதையும் அவருக்கு முன்னாலேயே ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

இந்தச் சித்திரையில், பெரம்பலூரில் ஒரு பேக்கரிக்கு அடுப்பு வைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இப்போது ஐந்து பெண்கள் கொத்துக்கரண்டி பிடிக்கிறார்கள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த மேஸ்திரி, வாசலில் நின்றார். வேலை கேட்க வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

“நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லம்மா” என்றார்.

“நீங்களும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் மேஸ்திரி.”

சொம்பைக் கீழே வைத்தார். “அந்தச் செவுரு நல்ல செவுருதான். நான் வச்சிருந்தாலும் அப்படி வந்திருக்காது.”

“அந்தக் கணப்பும் நல்ல கணப்புதான். மூணடி வச்சிருந்தா போதும்.”

அவர் தலையை ஆட்டினார். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே கேட்க ஒருவரும் இல்லை. டாக்டரிடம் போய் இதைச் சொல்வாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

அவர் போனபின் மனது கனத்துப்போயிற்று என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பழிவாங்கினால் நிம்மதி வராது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கதை அப்படி இல்லை. அன்றைக்கு எனக்கு நல்ல பசி. தூக்குச்சட்டியைத் திறந்து, கொண்டுபோயிருந்த புளிச்சோறு முழுவதையும் கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வரிசையை வைக்க உட்கார்ந்தேன்.