தண்ணி பார்த்த வண்டி

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில், பழைய கார் விற்கிற இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கோடை முழுக்க அங்கே ஏறி இறங்கினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணியில் போகிற வண்டி. அதை ஒருத்தனுக்கும் புரியவைக்க முடியவில்லை.

ஏன் தண்ணியில் போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு பட்டாபிராமில், ஏரி ஓரமாகப் பள்ளத்தில் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் தெருவில் தண்ணி நின்றுவிடும். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆவடிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கோடைக்கு முந்தின மழையில் ஆட்டோ வரவில்லை. ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. அவரால் படுக்க முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். முகம் உப்பிக் கண்ணே தெரியவில்லை. தண்ணி வடிந்து மறுநாள்தான் கொண்டுபோனோம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய இடத்திலிருந்துதான் நான் வண்டி தேட ஆரம்பித்தேன்.

காசு என்னுடையது. குத்தம்பாக்கத்தில் என் அம்மா வழியில் வந்த நிலம், புது பஸ் ஸ்டாண்டு வருகிறது என்றதும் விலை ஏறிற்று, விற்றேன். கையெழுத்துப் போடுவேன், கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் இட்லிக் கடை போட்டுக் குடும்பத்தை நடத்தியவள் நான். என் வண்டியை நான்தான் பார்த்து வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். ஓட்டுவதற்கு மகன் இருக்கிறான், கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டிதான் தண்ணிக்கு ஆகும், அதுவும் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்ததுதான் உழைக்கும் என்றான். புதுசுக்கு நம்மால் முடியாது. டில்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டியை ஓட்ட விடமாட்டார்களாம். அப்படி அங்கே கழித்ததெல்லாம் இங்கே வந்து நிற்கிறது. சரி, அதையே பார்ப்போம் என்றேன்.

முதல் இடத்தில் புரோக்கர் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாவற்றையும் என் மகனிடம் சொன்னான். சிங்கிள் ஓனர் சார், சர்வீஸ் ரெக்கார்டு இருக்குது சார். அவன் மூச்சு விட்ட நேரம் பார்த்து நான் கேட்டேன்.

"ஏம்பா, இது தண்ணி பாத்த வண்டியா?"

"இன்னா ஆயா, இப்டி கேட்டுட்ட? சத்தியமா ஒரு சொட்டு தண்ணி பாக்கல."

"பாக்கலையா? அப்ப எனக்கு வாணாம்."

அவன் என் மகனைப் பார்த்தான். என் மகன் மேலே மெட்ரோ தூணைப் பார்த்தான்.

அடுத்த இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். ஒருத்தன் வண்டிக்குள் ஒட்டியிருந்த மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். "எங்க மாதாவ இதுல இழுக்காத. கப்பல்ல வந்த வண்டின்ற, அதுக்குத் தண்ணி தெரியாதா?" என்றேன். "கப்பல் தண்ணியில வந்துச்சு ஆயா. வண்டி கப்பல் மேலதான வந்துச்சு" என்றான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆயா என்று கூப்பிட்டது ஒரு எரிச்சல். தண்ணியே பார்க்காத வண்டியை இவ்வளவு பெருமையாக விற்கிறார்களே என்பது இன்னொன்று. நீச்சல் தெரியாது என்று எவனாவது மார் தட்டிக்கொள்வானா?

கடைசியில் திருமழிசைப் பக்கம் ஒரு ஷெட்டில் ஒரு பெரியவர். பல் குத்திக்கொண்டே என் கேள்வியைக் கேட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ கேட்டதால சொல்றேன்மா. தண்ணி பாத்த வண்டிதான். அதான் இந்த வெல."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உண்மை பேசுகிற ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று கதவைத் திறக்கச் சொன்னேன். புது சீட்டுக் கவர், கண்ணாடியில் சென்ட் டப்பா. தலையை உள்ளே நீட்டினேன். சென்ட்டுக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. எங்கள் மர பீரோ ஒருமுறை வெள்ளத்தில் முழுகிக் கிடந்தது, எத்தனை வெயிலில் காயவைத்தும் கதவைத் திறந்தால் இன்றைக்கும் அதே வாசனைதான். சீட்டுக்கு அடியில் கைவிட்டேன். விரலில் காய்ந்த வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா நைனா, இது தண்ணியில போன வண்டியா, தண்ணியில கெடந்த வண்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணா? ஏரியில நீஞ்சறவனும் மெதக்கறவனும் ஒண்ணா?"

அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் பேச்சில் தண்ணி பார்த்த வண்டி என்றால் வெள்ளத்தில் செத்த வண்டி. இத்தனை நாளும் செத்த வண்டி இருக்கிறதா, செத்த வண்டி இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"ஏன்டா, உனக்குத் தெரியாதா?" என்று மகனைக் கேட்டேன்.

"நீ பேரம் பேசினு கீறேன்னு நெனச்சேம்மா" என்றான்.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். "தண்ணியில எறக்கிக் காட்டு, வாங்கிக்கிறேன்" என்றேன். அதற்கும் ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. இறக்கினால் தண்ணி பார்த்த வண்டி ஆகிவிடுமாம், அப்புறம் யாரும் வாங்கமாட்டார்களாம். தண்ணிக்கென்றே செய்த வண்டி, அதைத் தண்ணியில் விட்டால் மதிப்புப் போய்விடும். இது என்ன நியாயமோ.

கடைசியில் தண்ணியில் இறக்கிப் பார்க்காமலேயே ஒன்றை வாங்கினேன். டில்லி நம்பர். முன்கண்ணாடி ஓரமாகத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் மேலே ஏறிப் போகும். தண்ணி உயர்ந்தால் இன்ஜின் அதன் வழியாக மூச்சு விடும் என்றான் மகன். நல்ல உயரம். என் வீட்டுக்காரர் ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தனியாக வாங்கி வைத்தேன். டில்லிக் காகிதம் வந்து, நம்பர் நம் ஊருக்கு மாறுவதற்குள் கோடை போய்விட்டது.

வண்டி வந்ததும் மகன் ஆளே மாறிவிட்டான். காலையில் துடைப்பான், சாயங்காலம் துடைப்பான். அப்பா செருப்பை உதறிவிட்டுத்தான் ஏற வேண்டும். துடைக்கட்டும், ஆசைதானே என்று விட்டேன்.

மழை வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடிந்தால் டயாலிசிஸ் நாள். நேரத்துக்குப் போகவில்லை என்றால் மிஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் பதறவில்லை. அவருக்குக் கஞ்சி கொடுத்து, சட்டை மாட்டி, ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணி. வண்டியைக் காணோம்.

"வண்டி எங்கடா?"

"பத்தரமா கீதும்மா" என்றான் மகன்.

"எங்க?"

"பாலத்து மேல."

மழை வருகிறது என்று டிவியில் சொன்னால் எங்கள் ஊரில் கார்காரர்கள் எல்லாரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக விட்டுவிடுவார்கள். இவனும் முந்தின சாயங்காலமே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான்.

"தண்ணியில போறதுக்கு வாங்குன வண்டிய, தண்ணிக்குப் பயந்து பாலத்துல ஏத்திட்டியா?"

"எல்லாரும் ஏத்துனாங்கம்மா."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இன்னாமே, உன் வண்டி மாடி ஏறிடுச்சா?" சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. கையில் ஸ்டூலோடு நின்றேன்.

போய் எடுத்துக்கொண்டு வா என்றேன். தெரு முழுக்கப் பள்ளம், உள்ளே தண்ணி புகுந்துவிடும் என்று இழுத்தான். அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே குடிதண்ணி லாரி ஒன்று தெருவைக் கிழித்துக்கொண்டு வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். மகன் அப்பாவைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தான். ஸ்டூல் அதற்குத்தான் பயன்பட்டது, நான் லாரியில் ஏற.

பாலத்தில் காருக்குப் பின்னால் கார். எல்லாவற்றையும்விட உயரமாக நம்முடையது, சக்கரத்தில்கூட சேறு இல்லாமல் நின்றது. லாரி டிரைவர் தும்பிக்கைக் குழாயைப் பார்த்தார். "இதுவா உங்க வண்டி பெரிம்மா? இத வெச்சுகினா என் லாரியில வந்தீங்க?" என்றார். பதில் சொல்ல வேண்டியவன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அங்கேயே நம் வண்டிக்கு மாறி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மிஷின் கிடைத்தது. திரும்பி வரும்போது மகன் பாலத்தின் மேல் வண்டியை ஓரம் கட்டினான்.

"இங்கயே வுட்டுட்டு, லாரி எதுனா வந்தா..."

"எறக்கு."

"தண்ணி பூந்துட்டா விக்க முடியாதும்மா."

"விக்கிறதுக்காடா வாங்குனேன்? எறக்கு."

நாலு சக்கரமும் இழுக்க, பெரிய கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டி கியரைப் போட்டான். வண்டி மெதுவாக எங்கள் தெருவில் இறங்கியது. தண்ணி கதவில் மோதி, இரண்டு பக்கமும் அலையாகப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் அடித்தது. என் வீட்டுக்காரர் பழக்கத்தில் இரண்டு காலையும் சீட்டு மேலே தூக்கிக்கொண்டார். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. வாசற்படி வரைக்கும் போய் நின்றது.

அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்து பார்த்தேன். மகன் முழங்கால் தண்ணியில் நின்று, துடைப்பானோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே எவனாவது கேட்டா தண்ணி பாத்த வண்டின்னுதாம்மா சொல்லணும்" என்றான்.

"சொல்லு. நாளானிக்கும் பாக்கும்" என்றேன்.