கவ்வாத்துக் கத்தியில் செய்த கொக்கி

எழுபதுகளில், மறையூரிலிருந்து மூணாறு போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லாரி ஷெட்டில் நான் தற்காலிக ஃபிட்டர். வருடக்கணக்காகத் தற்காலிகம். அப்பா அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஓய்வு பெறும் வயது. அதற்குள் என்னை நிரந்தரமாக்கினால்தான் தொழிலாளர் லயத்தில் எங்கள் அறை நிலைக்கும். இல்லையென்றால் சட்டி பானையோடு மலை இறங்க வேண்டியதுதான்.

லாரியின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஷூக்களையும் இழுத்துப் பிடித்தபடி ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதை எடுக்கத் தனிக் கருவி உண்டென்று புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். எங்கள் ஷெட்டில் கொறடுதான். வழுக்கினால் ஸ்பிரிங் நேரே முகத்துக்கு வரும். ஒருமுறை மேலுதடு கிழிந்தது. மீசை வைத்துக்கொண்டேன்; அழகுக்காக என்று யாரும் நம்பவில்லை.

கவ்வாத்துக் கத்திக்கு நுனி இயல்பிலேயே வளைவு. தேய்ந்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுக் கத்தி தருவார்கள். அப்பா திருப்பாமல் எனக்குக் கொடுத்தார்.

"ஓடையில விழுந்துட்டுன்னு கங்காணிட்ட சொல்லிட்டேன்லே. நீ வாயத் தொறக்காத."

கத்தியின் கூர்மையை மழுக்கி, நுனியில் சிறு பள்ளம் அராவினேன். ஸ்பிரிங் அதில் மாட்டி, சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது. அடியிலிருந்த கம்பெனி முத்திரையை மட்டும் அழிக்கவில்லை. அது இருந்தால் கடையில் வாங்கிய சாமான் மாதிரி ஒரு மதிப்பு என்று தோன்றியது.

மானேஜர் ஷெட்டைப் பார்க்க வந்தபோது, தொடுபுழைக்காரரான ஃபோர்மேன் நல்லெண்ணத்தில்தான் கொக்கியை நீட்டினார்.

"சாரே, இவன் சொந்தமா செஞ்சது. இவனைப் பெர்மனென்ட் ஆக்கணும்."

மானேஜர் அதைத் திருப்பி, முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார்.

"யாரோட கத்தி?"

நான் வாயைத் திறக்கவில்லை. முத்திரைக்குக் கீழே அப்பாவின் ஆள் நம்பர் இருந்தது. அது என்னைவிடப் பேச்சுக்காரன். கங்காணியைக் கூப்பிட்டார்கள்.

"ஓடையில விழுந்தது லாரி ஷெட்டுல முளைச்சிருக்கு பாருங்க சார்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வசனத்தை நானே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

நிரந்தரம் வேறொருவனுக்குப் போனது. அப்பாவை அந்த மாதமே வேலையிலிருந்து நிறுத்தி, அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கொக்கி கம்பெனிச் சொத்தாகி ஷெட்டிலேயே தங்கிவிட்டது. கடைசி நாள் ஃபோர்மேன் கூப்பிட்டார்.

"எடா, போறதுக்கு முன்னாடி இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு வச்சிட்டுப் போ. ரெண்டு பேர் ஒரே நேரம் பிரேக் வேலை பார்க்கலாமில்ல?"

ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு, புத்தம்புதுக் கத்தியையே வாங்கி வந்து கையில் கொடுத்தார். செய்து வைத்துவிட்டு இறங்கினேன்.