தங்கைக்கு எதிராகத் தூக்கிய கை

அந்த பிஸ்கட் ஃபேக்டரியின் பேக்கிங் ஹாலில் அக்காவும் தங்கையும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஹாலில் எல்லோருக்கும் அக்கா பெரியவள், தங்கை சின்னவள். பெரியவள் பதினெட்டு வயதில் வந்து சேர்ந்தவள். பெல்ட்டில் சூடு ஆறாமல் வரும் பிஸ்கட்டை அவள் ஒரு பிடி அள்ளினால் ஒரு பாக்கெட்டுக்கு வேண்டியது மட்டும் கையில் வரும். உடைந்ததை விரலே ஒதுக்கிவிடும். கண்ணுக்கு வேலை இல்லாததால் அது ஹால் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே நடந்த எந்தச் சண்டையும் பெரியவள் தலையிடாமல் தீர்ந்ததில்லை. சில சண்டைகள் அவள் தலையிட்டதால்தான் தொடங்கின.

இவ்வளவு கெட்டிக்காரி சூப்பர்வைசர் ஆகியிருக்க வேண்டும். சூப்பர்வைசருக்கு நீலத் தொப்பி, உட்கார ஓர் உயர நாற்காலி. மற்றவர்களுக்கு வெள்ளைத் தொப்பி, நிற்க இரண்டு கால். மூன்று முறை அந்த இடம் காலியானது. மூன்று முறையும் பெரியவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். லீவில் போகப்போகிறவளுக்கு எதற்கு நாற்காலி என்று மேனேஜர் வேறு யாரையாவது உட்காரவைத்தார்.

அவளுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தது ஆசைப்பட்டுப் பெற்றது. மற்ற மூன்றும் அழைக்காமல் வந்த விருந்தாளிகள். ஃபேக்டரியின் மருத்துவ இன்சூரன்ஸில் பிரசவத்துக்குப் பணம் உண்டு. வயிற்றைக் கிழித்து எடுத்தால் அதற்கும் உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் உண்டு. பிள்ளை வராமல் தடுக்க மட்டும் எதுவும் கிடையாது. மாத்திரையும் கிடையாது, காப்பர்-டியும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. ஒருமுறை ஆபீஸ் ஜன்னலில் போய்க் கேட்டாள்.

"இன்சூரன்ஸ் நோய்க்குத்தாம்மா. இது நோய் இல்லையே."

"அப்ப பிரசவம் நோயா சார்?"

ஜன்னலுக்குள் இருந்தவர் கொஞ்சம் யோசித்தார். "அது செலவும்மா" என்றார்.

கையில் காசு புழங்கும் மாதத்தில் மாத்திரை வாங்குவாள். அதுவும் மலிவானது, தலையைப் பிளக்கும். செருப்பா மாத்திரையா என்று வந்துவிட்டால் செருப்புதான் ஜெயிக்கும். "ரெண்டாவது, செருப்பு மாசத்துப் பையன். மூணாவது, எனக்குப் பல் புடுங்கின மாசத்துப் பொண்ணு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். புருஷன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர். "அவரு பட்டறையில நூலிழை பிசகாம கடைவாரு. அளவெல்லாம் அங்கயே தீர்ந்துபோயிடுது" என்பாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். நாற்பத்தொரு வயதிலும் மாதக் கடைசியில் நாள் தள்ளினால் அவளுக்குச் சோறு இறங்காது.

சின்னவள் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா வேலைக்குப் போனதால் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்ததே பெரியவள்தான். ஃபேக்டரியில் சொல்லிச் சேர்த்துவிட்டதும் அவள்தான். சின்னவளுக்கு ஒரே மகள். புருஷனுக்கு டெலிபோன் கம்பெனியின் கிளை ஆபீஸில் வேலை. அந்த ஆபீஸ் இன்சூரன்ஸில் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் உண்டு. ஒரு நாள் கேன்டீனில் சாப்பிடும்போது சின்னவள் பையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. பெரியவள் எடுத்துப் பார்த்தாள்.

"இது ரொம்ப வெல ஆச்சேடி."

"எனக்கென்னக்கா. கார்டக் காட்டுனா மருந்துக்கடையில குடுத்துடறான். ஒத்தப் பைசா கிடையாது. தலைவலியும் வராது."

சொல்லிவிட்டு சின்னவள் சோற்றைப் பிசைந்தாள். சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். பெரியவளுக்கு அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை.

அன்றிலிருந்து பார்க்கக் கூடாததெல்லாம் கண்ணில் பட்டது. தங்கையின் முதுகு நிமிர்ந்திருந்தது. இரவு முழுத் தூக்கம் தூங்கிய முகம். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நமக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்ததா என்று பெரியவள் யோசித்துப் பார்த்தாள். இருந்தது, ஈரத் துணியும் புட்டிப்பாலுமாக. 'ஒரே வயித்துலதான் பொறந்தோம், அவளுக்கு மட்டும் எழுதினவன் எந்தக் கையால எழுதினான்' என்று மனசு அரற்றியது.

அடுத்த முறை நாற்காலி காலியானபோது நீலத் தொப்பி சின்னவள் தலையில் ஏறியது. பெரியவள் முதல் ஆளாகப் போய்த் தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். கொஞ்சம் அழுத்தமாகவே கிள்ளினாள். வீட்டில் அன்று பாத்திரமெல்லாம் சத்தமாகப் பேசின.

"நீ வளத்த பொண்ணுதானே. சந்தோஷப்பட வேண்டாமா?" என்றார் புருஷன்.

"சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று தட்டை அவர் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

இதற்கிடையில் ஊரெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கருத்தடைச் செலவையும் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதுவே வாதம். ஃபேக்டரியின் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் சமயமும் அதுதான். மேனேஜர் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச்சொன்னார்.

"சட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் இது உங்க இஷ்டம். சேத்துக்கிட்டா எல்லார் சம்பளத்துலயும் கொஞ்சம் கூடப் பிடிப்பாங்க. சேக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

சேர்க்க வேண்டும் என்று சின்னவள் எழுந்து பேசினாள். திக்காமல், திணறாமல் பேசினாள். கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி, தனக்குத் தேவைப்படாத ஒன்றுக்குத் தன் சம்பளத்தில் ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்டாள். அடுப்புப் பகுதியில் வேலை செய்யும் வழுக்கைத்தலைப் பெரியவர் பின்னாலிருந்து சொன்னார்: "உங்க பிரசவத்துக்கெல்லாம் எங்கிட்டயும்தான் இத்தன வருஷமாப் பிடிச்சாங்க. நான் என்ன புள்ளையா பெத்தேன்?" எல்லோரும் சிரித்தார்கள். காற்று சின்னவள் பக்கம் திரும்புவது பெரியவளுக்குத் தெரிந்தது. உயர நாற்காலியில் உட்கார்ந்து பழகியவளின் நிமிர்ந்த முதுகும் தெரிந்தது. எழுந்துவிட்டாள்.

"புள்ள வேணாங்கறது ஒரு வியாதியா? நானும் நாலு பெத்தேன். எனக்கு யாரு மாத்திரை குடுத்தா? நிறைமாசத்தோட இந்தப் பெல்ட்டுல நின்னேன், செத்தாபோயிட்டேன்? அவங்கவங்க வீட்டு விஷயத்த அவங்கவங்க பாத்துக்கட்டும். சம்பளத்துல கை வைக்காதீங்க."

பெரியவள் சொன்னால் ஹாலில் எடுபடும். வயதான பெண்கள் தலையை ஆட்டினார்கள். நாம் பட்டதை இவளுகளும் படட்டுமே என்ற எண்ணம் அவளுக்கு மட்டும் இருந்ததல்ல. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கும்படி மேனேஜர் சொன்னபோது பெரியவளின் கைதான் முதலில் போனது. பின்னாலேயே மற்ற கைகளும் எழுந்தன. திட்டம் விழுந்தது. சேர்ந்திருந்தால் நாளைக்கே பலன் பெற்றிருக்கக் கூடியவர்களில் அவளும் ஒருத்தி. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற கதைதான். எதிரி கூடப்பிறந்தவள் என்பதுதான் இதில் விசேஷம்.

வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உனக்கு அந்தத் திட்டத்து மேல கோபமா, என் மேல கோபமா?"

"உனக்குத்தான் உன் புருஷன் ஆபீஸ் இருக்கே. ஊருக்காக நீ ஏன் அழுவுற?"

"எனக்காகக் கேக்கலைக்கா. உன்ன நெனச்சுத்தான் பேசுனேன்."

இந்த வார்த்தை பெரியவளைக் கொதிக்க வைத்துவிட்டது. தங்கை தன்மேல் இரக்கப்படுவதா? வந்த பஸ்ஸில் அவள் ஏறவில்லை. சின்னவள் மட்டும் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு இருவருக்கும் ஹாலில் வேலைப் பேச்சு மட்டும்தான்.

சில மாதத்தில் டெலிபோன் கம்பெனி அந்தக் கிளையை இழுத்து மூடியது. சின்னவள் புருஷனுக்கு வேலை போனது, கூடவே கார்டும் போனது. இனி சின்னவளுக்கு ஃபேக்டரி இன்சூரன்ஸ்தான், அதில் மாத்திரை கிடையாது. நல்ல மாத்திரைக்குக் கட்டுப்படியாகவில்லை. மலிவானது வாந்தியெடுக்க வைத்தது. ஒரு மாதம் நிறுத்தினாள், அடுத்த மாதமும் நிறுத்தினாள். ஒரு காலை, வெண்ணெய் மணம் தாங்காமல் நாற்காலியை விட்டு இறங்கி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். தானும் நான்கு முறை அப்படி ஓடிய பெரியவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிமிஷம் பெரியவள் நெஞ்சில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. 'இப்பத் தெரியும்' என்று நினைத்தாள். சாயங்காலம் வரை கை ஓய்வில்லாமல் பாக்கெட் போட்டது.

சின்னவளின் பிரசவ லீவு நெருங்கியபோது மேனேஜர் பெரியவளைக் கூப்பிட்டார். "நாற்காலி காலியா இருக்கக் கூடாது. உனக்குத்தான் வேல தெரியும். உன் தங்கச்சியே உன் பேரத்தான் சொன்னா. உக்காந்துட்டா அப்புறம் உன்னுதுதான், திருப்பிக் கேக்க மாட்டோம்."

வேண்டாம் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லவில்லை. இருபத்துமூன்று வருஷம் நின்ற கால் அது. நீலத் தொப்பியை வாங்கித் தலையில் மாட்டி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் ஹால் முழுக்கத் தெரியும் என்று நினைத்திருந்தாள். தெரிந்ததெல்லாம் வெள்ளைத் தொப்பிகள்தான். அதில் எவள் எந்த மாதம் நாள் எண்ணுகிறாள், எவள் தலைவலியோடு நிற்கிறாள் என்பது நின்றபோதே தெரிந்த விஷயம். உட்கார்ந்த பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சின்னவளுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் பெரியவள்தான் உடன் இருந்தாள். பிரசவச் செலவை இன்சூரன்ஸ் முழுதாகக் கொடுத்தது. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே பெரியவள் சொன்னாள்: "அன்னிக்கு நான் பேசுனது தப்புடி."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ பேசும்போதே தெரியும். உனக்கு வயிறு எரிஞ்சா மூக்கு நுனி செவக்கும்."

அடுத்த முறை இன்சூரன்ஸ் பேச்சு வந்தபோது சூப்பர்வைசராகப் பெரியவள்தான் எழுந்தாள். சின்னவளைப் போல அவளுக்குக் கோர்வையாகப் பேச வராது. சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். போன முறை நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று ஒருத்தி மடக்கினாள்.

"ஆமா. நான் பட்டத மத்தவங்களும் படணும்னு நெனச்சேன். பட்டாங்க. எனக்கு அதுல ஒண்ணும் மிச்சமாகல."

இந்தத் தடவையும் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. போன வருஷம் அவளோடு கை தூக்கிய இரண்டு பெண்கள் அவளிடம் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் திட்டம் சேர்ந்தது.

சின்னவள் வெள்ளைத் தொப்பியோடு பெல்ட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த முதல் வாரமே அக்காவும் தங்கையும் லீவு போட்டுவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். நடைபாதையில் நீள பெஞ்ச். சின்னவள் முதலில் உள்ளே போய் காப்பர்-டி போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? நீ அந்த நாற்காலியில உக்காந்திருக்கிறதப் பாத்தா எனக்கு எரியுது."

பெரியவள் திகைத்துப் போனாள். பிறகு சிரித்துவிட்டாள். "எரியட்டும். நான் பாக்காத எரிச்சலா?"

"அதுக்கு என்ன மருந்து?"

"இருந்திருந்தா நான் வாங்கிச் சாப்பிட்டிருக்க மாட்டேனா?"

நர்ஸ் கதவைத் திறந்து அடுத்தது யார் என்றாள். பெரியவள் குழந்தையைத் தங்கை மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். நர்ஸ் அவளையும் அவள் நரையையும் பார்த்தாள்.

"உங்களுக்காம்மா?"

"எனக்குத்தான். லேட்டாத்தான் வந்திருக்கேன், தெரியும்."

வெளியே குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. வழக்கமான அழுகைதான், பசி. இனி அது சின்னவள் பாடு என்று பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.