சந்தனத்துக்குள் இருந்தவள்

நுவரெலியாவில் நான் வேலை பார்க்கும் ஹோட்டல் ஒரு காலத்தில் துரை பங்களா. அதன் முன்னறைக் கண்ணாடி அலமாரியைத் துடைப்பது என் பொறுப்பு. போன மாதம் அதில் புதிதாக ஒன்றை வைத்தார்கள். முத்துச்சிப்பியில் செதுக்கிய ஓர் ஆணின் முகம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழைய கிரேக்கச் சிலைகளின் பாணி என்றார் மேனேஜர். நேரான மூக்கு, தலையில் இலைக் கிரீடம். சுற்றிலும் கறுப்பு மரச்சட்டம், உச்சியில் பித்தளையால் செய்த ரிப்பன் முடிச்சு.

அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு மாதாவின் சட்டத்திலும் அதே முடிச்சு!

தாத்தா துரை பங்களாவில் வேலை செய்தவர். துரைசாணி சீமைக்குக் கிளம்பும்போது அதை அவரிடம் கொடுத்தாராம். வெள்ளை வெளேரென்று பெண் முகம். மாதா என்று யாரோ சொல்ல, எல்லோரும் நம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மன் பொட்டும் பூவுமாக இருக்க, எங்கள் மாதா மட்டும் வெறும் நெற்றியோடு இருப்பதா? அம்மா சனிக்கிழமைதோறும் சந்தனம் பூசுவாள். பழசைத் துடைக்க மாட்டாள், அது பாவமாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் மாதாவுக்கு மூக்கே கிடையாது.

லீவு சொல்லிவிட்டு லிந்துலைக்கு பஸ் பிடித்தேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடிருக்கும் லயத்துக்கு ஏறும்போது கால் தரையில் பாவவில்லை.

"அம்மா, மாதா மூஞ்சியக் கழுவிப் பாக்கலாமா?"

"எதுக்குடி? நல்லாத்தானே இருக்காங்க."

போனில் எடுத்திருந்த ஆணின் படத்தைக் காட்டினேன். "இவருக்கு ஜோடியா இருக்குமோன்னு பாக்கணும்மா."

"மாதாவுக்கு ஜோடியா? மொதல்ல வாயக் கழுவுடி!"

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைக்கத் துடைக்க நெற்றி வந்தது, மூக்கு வந்தது, ரிப்பன் கட்டிய கொண்டை வந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் அதே முத்துச்சிப்பி மினுக்கு, கன்னத்தில் ரோஸ், கழுத்தில் பச்சை. போனைப் பக்கத்தில் வைத்தேன். படத்திலிருந்த அவரும் இவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஜோடியேதாம்மா!" என்று கத்திவிட்டேன். கடைசியாகத் தோள் வந்தது. துணியில்லாத தோள்.

அம்மா உற்றுப் பார்த்தாள். "இது மாதா இல்லடி."

என் குஷியெல்லாம் அடங்கிவிட்டது. நான் கைக்குழந்தையாக மூச்சுத் திணறிக் கிடந்தபோது அம்மா அழுது மன்றாடியது இந்த முகத்தின் முன்னால்தான்.

"அப்ப இத்தன வருஷமா நா யாருகிட்ட அழுதேன்?" என்றாள்.

ஏன்தான் துடைத்தேனோ என்றிருந்தது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அம்மா சட்டத்தை வாங்கி முந்தானையால் எண்ணெயை ஒற்றினாள். "யாரு பெத்த புள்ளயோ. நம்ம அழுகையெல்லாம் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கா, பாவம். இந்தக் குளிருல தோளக்கூட மூடாம."

நீலத் துணித்துண்டு ஒன்றைத் தேடியெடுத்துத் தோளில் போர்த்தினாள். பழைய இடத்திலேயே வைத்து மெழுகுவத்தியும் கொளுத்தினாள். எனக்கு மறுபடியும் குதிக்க வேண்டும் போலிருந்தது.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அங்க இருக்காரே, அவருகிட்ட சொல்லிரு. அவரு பொஞ்சாதி நம்ம வீட்டுல சொகமா இருக்கான்னு."