சந்திரமதி அக்காவின் நிழல் அட்டை

நீட்டிய கையின் நிழல் வாசலில் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டேதான் சந்திரமதி அக்கா வணக்கத்துக்குப் பதில் சொல்வார். காஜா பெராங் சாலையிலுள்ள அவருடைய புகைப்படக் கடைக்குக் காலையில் போகிற யாரும் முதலில் காண்பது அந்தக் கையைத்தான்.

ஒளியை அளக்க ஒரு மீட்டர் வைத்திருந்தார். 1942இல் ஜப்பானியச் சிப்பாய்கள் கடையைச் சோதனை போட்டபோது அது போய்விட்டது. "மீட்டரத்தானே எடுத்துக்கிட்டான். கண்ண விட்டுட்டுப் போயிட்டானே," என்றார். அடுத்த வாரமே சிகரெட் பெட்டி அட்டையில் நான்கு வரி எழுதிக் கேமராவில் கட்டிவிட்டார். நிழல் கறுப்பாக விழுந்தால் லென்ஸ் வளையம் பதினாறில். ஓரம் மங்கினால் பதினொன்றில். நிழலைத் தேட வேண்டியிருந்தால் எட்டில். இல்லவே இல்லையென்றால் ஐந்து புள்ளி ஆறில். எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்.

மறைந்த கணவர் சேதுபதி எடுத்துக் கெட்டுப்போன படங்களின் பின்புறம், அன்றைய வெயில் எப்படி, வைத்த எண் என்ன என்று அக்கா பத்து வருடம் குறித்துவந்ததன் சாறு அந்த நான்கு வரி. யார் கேட்டாலும் நகலெடுத்துக் கொடுப்பார், போட்டிக் கடைக்காரருக்கும்கூட.

"தொழில் ரகசியமாச்சேக்கா?" என்று கேட்டேன்.

"வெயிலென்ன எங்க வீட்டு வெயிலா?"

யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார். "அவங்க மூஞ்சி, அவங்க இஷ்டம்."

போன வருடம் சயாமில் ரயில் பாதை போட எங்கள் சாலையிலிருந்து ஒன்பது பேரைப் பிடித்துப்போக லோரி வந்தது. என் தம்பி ஜெயபாலன் அதில் ஒருவன். கல்யாணமாகி இரண்டே மாதமான மருதமுத்து இன்னொருவன். அவன் மனைவி பொன்னம்மாவிடம் புருஷன் படம் ஒன்றுகூட இல்லை. ஓடிப்போய் அக்காவை அழைத்துவந்தாள். அக்காவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு.

வானம் மூடிக்கிடந்தது. அக்கா வளையத்தை ஐந்து புள்ளி ஆறில் வைத்து, ஒன்பது பேரையும் லோரிக்கு முன்னால் நிறுத்தினார். "லெக்காஸ்! லெக்காஸ்!" என்று அவசரப்படுத்திய காவலன் துப்பாக்கிக் கட்டையால் கேமராவின் காலைத் தட்டினான். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. அப்படியே அழுத்தியிருந்தால் ஒன்பது முகமும் வெளுத்து அழிந்திருக்கும்.

அக்கா அழுத்தவில்லை. துப்பாக்கி நிமிர்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவர் மட்டும் ஆட்களின் காலடியைப் பார்த்தார். நிழல் கறுத்திருந்தது. வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பினார்.

"அசையாதீங்க. கண்ணச் சிமிட்டாதீங்கப்பா."

அதற்குப் பிறகுதான் ஷட்டர் சத்தம் கேட்டது. காவலன் பிடித்துத் தள்ளியதில் கேமராவைக் கட்டிக்கொண்டே விழுந்தார். முழங்கையில் ரத்தம் வழிந்தது. கேமராவில் கீறல் இல்லை. லோரி போய்விட்டது. ஜெயபாலனிடமிருந்து இன்றுவரை தகவல் இல்லை.

மறுநாள் மதியம், ஒன்பது வீட்டுக்குமாக உள்ளங்கை அளவில் படம் போட்டார். முதல் படம் தண்ணீரிலிருந்து வெளியே வந்தபோது பொன்னம்மா பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ண மூடிட்டாராக்கா? வெயில் பட்டா அவருக்கு உடனே கூசும்."

நான் எட்டிப் பார்த்தேன். மருதமுத்து நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா ஈர விரலைச் சேலையில் துடைத்து, அவன் முகத்துக்குக் கீழே வைத்து, படத்தைப் பொன்னம்மா பக்கம் நீட்டினார்.