மடகாஸ்கரிலிருந்து வந்த செடி

புதூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் நித்தியகல்யாணி போட்டிருக்கிறோம். ஊரில் இதற்குச் சுடுகாட்டுப்பூ என்று பெயர். ஆடு வாய் வைக்காது, அதனால் வேலி வேண்டாம். மழை ஏமாற்றினாலும் ஓரளவு தாங்கும். இலையைத் தனியாகவும் வேரைத் தனியாகவும் காயவைத்தால் மருந்துக் கம்பெனிக்காக ஏஜென்ட் வந்து எடுத்துப்போவார்.

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஆனபிறகு, மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னார். இவருக்குப் போடும் ஊசிமருந்தே இந்தச் செடியின் இலையிலிருந்து எடுப்பதுதானாம். இதன் சொந்த மண் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவாம். அங்கே காட்டை அழித்து அழித்து, தானாக முளைக்கும் செடி அருகிப்போய்விட்டதாம்.

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்கனயோ பொறந்தது நமக்காகவே கரிசலுக்கு வந்திருக்கு, பாத்தியாட்டி!" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

ஊசி நன்றாகவே கேட்டது. ரத்தம் தேறி வருகிறது என்றார்கள். பிறகு திடீரென்று பாதம் மரத்தது, வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளாயிற்று. மறுபடியும் மதுரைக்கு ஓடினோம். டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் இவர் வாயைத் திறந்தார். காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தினமும் காலையில் கிளம்பிப் போன மனிதர், அங்கே பச்சை இலையை அவித்து அவித்துக் குடித்திருக்கிறார்.

வார்டு என்றும் பாராமல் கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஆடுகூட மோந்துட்டு விலகிப் போகுதே, அந்தக் கூறுகூட உங்களுக்கு இல்லாமப் போச்சே!"

"கம்பெனிக்காரன் ஊசியில எவ்வளவு கலப்படம் பண்ணுதானோ? நம்ம காட்டு இலையின்னா முழுச்சத்தும் இருக்கும்லா. ரெண்டும் சேந்தா வெரசா எந்திரிச்சிரலாம்னு நெனச்சேன்."

விளைவித்ததை விற்று, கடையில் கலப்படத்தை வாங்கித் தின்றே பழகியவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? தலையில் அடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா என்னை வெளியே கூட்டிப்போனார். ஈரல் கெட்டுவிட்டது, இனி அந்த ஊசியைப் போட்டால் உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் செடியைத் திட்டவும் வாய் வரவில்லை. பிழைக்க வைத்ததும் அதுதானே. யாரை நோவது?

இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கட்டிலில் கிடக்கிறார். கண்ட இலையை இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

நேற்றுக் கேட்டார். "ஏட்டி, அடுத்த ஊசி எப்பமாம்?"

"வாற திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காவ."

யாரும் வரச் சொல்லவில்லை.

"அப்பம் அந்த வெள்ளை வேட்டியத் தொவைச்சுப் போடு. அழுக்கு வேட்டியோட போனா டாக்டரம்மா என்ன நெனப்பாவ?"

துவைத்து, நீலம் போட்டு, கொடியில் காயப்போட்டேன்.